புகார் என்றால் காய்ச்சல், ஜோர் என்றாலும் காய்ச்சல்

டாக்டரம்மா பதில்கள்

போன இதழில் கரும்பு வெட்ட வந்த ஒரு பெண்ணின் நீர்க்கடுப்பைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். காட்டில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெட்டிக்கொண்டிருந்தவர் அவர். அதற்கு வந்த கடிதங்களில் பாதி டாக்டர்கள், நர்ஸ்கள், மருந்துக்கடைக்காரர்கள் எழுதியவை. அதனால் இந்த முறை சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் விடுமுறை, வெளியூரிலிருந்து தோட்ட வேலைக்கு வருகிறவர்களின் வைத்தியம்தான் பேச்சு. கோபிக்கும் சத்திக்கும் நடுவில் இருபத்தைந்து வருடமாகக் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான், பேராசிரியை அல்ல. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தியூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஓ.பி.யில் தினமும் பத்துப் பேராவது வெளிமாநிலத்துத் தோட்ட வேலையாட்கள். எம்.பி.பி.எஸ்.ஸில் இதற்கென்று யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. எங்கே போய்ப் படிப்பது மேடம்?
(ஓர் இளம் டாக்டர்)

தம்பி, ஆலைக்குப் போகிற டாக்டருக்குப் படிப்பு இருக்கிறது. ஏ.எஃப்.ஐ.எச். என்று மூன்று மாதம். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் நடக்கிறது. ஆபத்தான வேலை நடக்கும் ஆலைகளில் டாக்டராக இருக்க அது வேண்டும் என்று விதியே உண்டு. சாயப்பட்டறைக்கு டாக்டர் தேடினால் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். கரும்புக்காட்டுக்கு யாரும் கேட்பதில்லை. ஆனாலும் வாய்ப்புக் கிடைத்தால் படித்துவிடுங்கள். சூடு, தூசி, ரசாயனம் மூன்றும் காட்டிலும்தான் இருக்கின்றன.

அமெரிக்காவில் 1962-லேயே இடம்பெயரும் பண்ணைத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சுகாதாரச் சட்டம் போட்டு, அவர்களைப் பார்க்கும் கிளினிக்குகளுக்கு அரசுப் பணம் ஒதுக்கினார்கள். 1984-ல் அந்த கிளினிக்குகளின் டாக்டர்களும் நர்ஸ்களும் சேர்ந்து மைக்ரன்ட் கிளினிஷியன்ஸ் நெட்வொர்க் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். டெக்சாஸில் இருக்கிறது. வகுப்பு எடுப்பதோடு அவர்கள் நிற்பதில்லை. பாதி சிகிச்சையில் ஊர் மாறுகிற நோயாளியை அடுத்த ஊர் கிளினிக்கிடம் ஒப்படைக்கிற வேலையையும் செய்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வேலைதான். அந்த நாட்டின் சுற்றுச்சூழல் முகமை பூச்சிமருந்து விஷத்தைப் பற்றி டாக்டர்களுக்கென்றே ஒரு கையேடு போட்டிருக்கிறது. ஆறாம் பதிப்பு 2013-ல் வந்தது. இலவசம்தான், இறக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துகளின் பெயர் மாறலாம், விஷம் வேலை செய்கிற விதம் மாறாது.

இனி நான் கற்றுக்கொண்டது. தோட்ட வேலையாள் யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். நேற்று என்ன வேலை செய்தாய்? ராத்திரி எங்கே படுக்கிறாய்? அடுத்து எப்போது, எந்த ஊருக்குப் போகிறாய்?

'என்ன வேலை' என்று மட்டும் கேட்டால் 'மஞ்சள் வேலை' என்பார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நடுவதும் மஞ்சள் வேலைதான், மருந்தடிப்பதும் மஞ்சள் வேலைதான். வெட்டுவது, வேகவைப்பது, டிரம்மில் போட்டு பாலீஷ் செய்வது எல்லாமே அதுதான். ஒரு மாசிமாதம் இருமலோடு வந்த ஒருவர், சளி மஞ்சளாக வருகிறது என்று சைகையில் காட்டினார். ஆன்டிபயாட்டிக் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். அவர் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். சளியா அது? அசல் ஈரோட்டு மஞ்சள். பாலீஷ் டிரம்முக்கு முன்னால் ஒன்பது நாளாக நின்றிருக்கிறார். மூக்கைத் துணியால் மூடச் சொல்லி, இன்ஹேலர் கொடுத்து, டிரம்மை விட்டு வெளியே வேலை மாற்றித் தரும்படி தோட்டக்காரருக்குப் போன் போட்டேன். நாலு நாளில் இருமல் நின்றது.

'எங்கே படுக்கிறாய்' என்று கேட்பது பாம்புக்காக. மோட்டார் ரூம் தரையில் சாக்கை விரித்துப் படுத்தவன் விடிகாலையில் வயிற்றுவலி என்று வந்தால், அல்சர் என்று முடிவுகட்டும் முன் அவன் இமையைப் பாருங்கள். இமை தொங்கினால் கட்டுவிரியன். கடித்த தடமே பல பேருக்குத் தெரியாது. மூன்றாவது கேள்வி எதற்கு என்று கீழே வேறொரு கடிதத்தில் வரும்.

நான் கொடுமுடிப் பக்கம் நர்ஸ். வடக்கத்தி ஆட்கள் பேசுவது புரிவதில்லை. கூட வரும் மேஸ்திரி சொல்வதை வைத்து எழுதிக்கொள்ளலாமா?

எங்கள் கிளினிக் கதையைக் கேளுங்கள். முதன்முதலில் ஒருவர் வந்து 'புகார், புகார்' என்றபோது எங்கள் சிஸ்டர் 'யார் மேலீங்க?' என்று கேட்டுவிட்டார். இந்தியில் அது காய்ச்சல். அடுத்து ஒரு வங்காளத்துப் பையன் 'ஜோர், ஜோர்' என்றான். 'ஜோரா இருக்கறவன் எதுக்கு வந்தான்?' என்று வெளியே அனுப்பப் பார்த்தார். தொட்டால் 103 டிகிரி. வங்காளியிலும் அசாமியிலும் ஜோர் என்றாலும் காய்ச்சல்தான். மூன்றாவது ஆள் 'சக்கர்' என்றார். அவருக்குச் சர்க்கரை என்று நினைத்து விரலைக் குத்தி ரத்தம் பார்த்தாகிவிட்டது. சக்கர் என்றால் தலைசுற்றல். அப்புறம்தான் ஒரு பழைய காலண்டரின் பின்புறத்தில் இருபது வார்த்தை எழுதிச் சுவரில் ஒட்டினோம். தர்த் என்றால் வலி, உல்டி வாந்தி, தஸ்த் பேதி, காம்ஸி இருமல். இன்னும் கிழியாமல் இருக்கிறது.

அதில் 'கம்ஸோரி' என்ற வார்த்தைக்கு அடியில் நான் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். பலவீனம் என்று அர்த்தம். சத்து ஊசி போட்டு அனுப்பிவிடத் தோன்றும். இரத்தசோகை, காசநோய், ஊரில் வாங்கிய கடன், தூக்கமில்லாத ராத்திரி எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் வந்து ஒளிந்துகொள்ளும். மனசு சம்பந்தப்பட்டது என்று தோன்றினால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, பல இந்திய மொழிகளில் பேசுகிறார்கள். கிளினிக் போனிலிருந்தே அழைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள்.

மேஸ்திரி விஷயம். மேஸ்திரி நல்லவராகவே இருக்கலாம், ஆனால் ஆள் நாளைக்கு வேலைக்கு வரவேண்டும் என்பது அவர் கவலை. நோயாளி ஒரு நிமிடம் பேசுவதை அவர் 'ஒண்ணுமில்லீங்க, உடம்பு வலி' என்று ரெண்டே வார்த்தையில் முடித்தால் சந்தேகப்படுங்கள். ஊரில் இருக்கும் மனைவிக்கோ அண்ணனுக்கோ போன் போட்டு ஸ்பீக்கரில் பேசவிடுவது என் வழக்கம். பெண்களின் மாதவிலக்கு, வெள்ளைப்படுதல் பேச்சுக்கு மேஸ்திரியை உள்ளேயே விடாதீர்கள். 2019-ல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானவர்களுக்குக் கருப்பையை எடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்து, அரசு குழு போட்டு விசாரித்தது. வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை போதும் என்று அந்தப் பெண்களிடம் அவர்கள் மொழியில் சொல்ல ஆள் இருந்ததா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

மாத்திரைக் கவரில் சூரியனும் நிலாவும் வரையுங்கள். வரைந்த பிறகு அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்க தோட்டத்துல மருந்தடிச்ச பீகார் பையன் வாந்தி எடுத்து விழுந்துட்டான். மோர் குடுத்து நிழல்ல படுக்க வெச்சோம், சாயந்தரம் தெளிஞ்சுட்டான். அடுத்த வாட்டி இப்படி ஆனா என்ன பண்றதுங்க?
(தோட்டக்காரர், சிவகிரி)

அடுத்த வாட்டி மோர் வேண்டாங்க. மயக்கத்தில் இருப்பவன் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முதலில் சட்டையைக் கழற்றுங்கள். முதுகில் மாட்டும் டேங்க் மூடி ஓரம் கசியும், மருந்து முதுகு வழியாக இடுப்புவரை இறங்கி இருக்கும். அந்த ஈரச்சட்டை உடம்பில் இருக்கிறவரை விஷம் தோல் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுத் தலையிலிருந்து குளிப்பாட்டுங்கள். அதற்குள் ஒருவர் 108-க்குப் போன் போடட்டும். காலி பாட்டிலைத் தூக்கி எறியாமல் கூடவே கொடுத்தனுப்புங்கள். லேபிளில் வைர வடிவக் கட்டம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பாருங்கள். சிவப்புதான் மிகக் கொடியது. மாற்று மருந்தும் அதே லேபிளில் எழுதியிருக்கும்.

இனி டாக்டர்களுக்கு நாலு வரி. ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, வாயில் நுரை, வியர்வை, துடிக்கும் சதை இருந்தால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்று வைத்துக்கொண்டு, அதற்கு மாற்றான அட்ரோபினைத் தொடங்குங்கள். 0.6 மில்லிகிராம் ஆம்பூல் மூன்றிலிருந்து ஐந்துவரை, அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. கண்மணி விரிந்துவிட்டது என்று நிறுத்தக்கூடாது, நெஞ்சில் இரைச்சல் அடங்க வேண்டும். மறுநாள் எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கிறான் என்று வீட்டுக்கு அனுப்பியும் விடாதீர்கள். ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் மூச்சுத் தசை தளர்ந்துபோவது உண்டு. மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் உடனே வென்டிலேட்டர் இருக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். சந்தேகம் வந்தால் டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையம் இருக்கிறது, 1800 116 117.

மருந்தே அடிக்காமல் வாந்தியும் தலைசுற்றலும் வந்தால் புகையிலைக் காடா என்று கேளுங்கள். பனியிலோ மழையிலோ நனைந்த இலையை ஒடித்தால் நிக்கோட்டின் தோல் வழியாகவே இறங்கும். ஈரத்துணியை மாற்றி, கழுவி, ஓரிரு நாள் காட்டுக்குப் போகாமல் இருந்தால் சரியாகிவிடும்.

கடைசியாகத் தோட்டக்காரருக்கு ஒன்று. கலிஃபோர்னியாவில் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளை அடிக்கடி கையாளுகிறவர்களுக்கு, வேலை தொடங்கும் முன்பும் நடுவிலும் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (இந்த விஷம் முடக்குகிற என்சைம்) பார்க்க வேண்டும் என்று 1974-லிருந்து விதி. செலவு முதலாளியுடையது. உங்களை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. கசியாத டேங்க் ஒன்று வாங்குங்கள்.

இலை கண்ணில் அடித்துவிட்டது என்று சொட்டு மருந்து கேட்டு வருகிறார்கள். சிவப்பு சீக்கிரம் குறைகிற மருந்தாகக் கொடுக்கிறேன். தப்பா?
(மருந்துக்கடைக்காரர், பவானி)

தப்பு. 'சிவப்பு சீக்கிரம் குறைகிற' மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். கரும்புச்சோகையோ நெல்லிலையோ கீறிய கண்ணில் பூஞ்சை வளரும், ஸ்டீராய்டு அதற்கு உரம் போட்ட மாதிரி. இரண்டு நாள் சிவப்புக் குறையும், பத்தாம் நாள் கருவிழியில் வெள்ளை. அதற்குள் அவர் வேறு ஊரில் இருப்பார், தெரியாமல் செய்த உங்களுக்கும் கடைசிவரை தெரியாது. கருவிழியை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். பூஞ்சைக்குப் பழைய நேட்டாமைசின் சொட்டு மருந்தே புதிய வோரிகோனசோலைவிட நன்றாக வேலை செய்கிறது என்று, அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. நீங்கள் மருந்து தர வேண்டாம், கோவை பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பினாலே போதும்.

காங்கேயத்தில் தனியாக பிராக்டீஸ் செய்கிறேன். வெளிமாநில ஆட்களின் காய்ச்சலில் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

முதலில் நம்மூர்க் காய்ச்சலை யோசியுங்கள் டாக்டர். நம் காட்டுப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ் நம்மிடம் வந்த பிறகுதான் அவர்களுக்கு வருகிறது. அக்குள், தொடையிடுக்கு, அரைஞாண் கட்டும் இடம், பெண்களுக்கு மார்பின் அடி என்று துணியை விலக்கிப் பார்த்தால் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலிக்காது, அதனால் அவர்களே சொல்ல மாட்டார்கள். இருந்தால் டாக்ஸிசைக்ளின்.

அப்புறம் ஊரைக் கேளுங்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் என்றால் மலேரியா டெஸ்ட் கட்டாயம். வடகிழக்கு என்றால் இன்னொன்றும் உண்டு. அங்கே ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி சல்ஃபாடாக்சின் மருந்துக்கு அடங்காமல் போனதால் 2013 தேசிய மருந்துக் கொள்கையில் அந்த மாநிலங்களுக்கு ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபேன்ட்ரின் என்ற கூட்டு மருந்தைத் தனியாக வைத்தார்கள். காய்ச்சல் நம்மூரில் வந்தாலும் கிருமி அந்த ஊருடையதாக இருக்கலாம். பீகார்க்காரருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மண்ணீரல் கைக்குத் தட்டுகிறது என்றால் மணல் ஈ கடித்து வருகிற காலா அசார் என்ற பெயர் நினைவுக்கு வரட்டும். நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாகப் படித்து மறந்தது.

நான் கோட்டைவிட்டதையும் சொல்கிறேன். மேற்கு ஒடிசாவிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன், கவுந்தப்பாடிப் பக்கம் வெல்ல ஆலையில் கொப்பரைக்கு முன்னால் வேலை. கைகால் எலும்பெல்லாம் வலி என்று வந்தான். வலி ஊசி போட்டேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்தான், இன்னொரு ஊசி. 'வேலைக்குக் கள்ளமுங்க' என்று கூட வந்தவர் சொன்னார், நானும் பாதி நம்பினேன். மூன்றாம் முறை ஜன்னலோரம் உட்காரவைத்ததால்தான் கண் லேசாக மஞ்சளித்திருப்பது வெளிச்சத்தில் தெரிந்தது. ஹீமோகுளோபின் 7. ரத்தத்தை அனுப்பிப் பார்த்ததில் சிக்கிள் செல். பர்கட், பலாங்கீர் மாவட்டங்களில் அது சகஜம். சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து நுண்குழாயை அடைக்கிற நோய். உடம்பில் நீர் வற்றினால் வலி வெடிக்கும், வெல்ல ஆலைச் சூட்டில் நீர் வற்றாமல் என்ன செய்யும்? அவனுக்குத் தேவைப்பட்டது தண்ணீரும் வேறு வேலையும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும். நான் இரண்டு முறை போட்ட டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. 2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் பரிசோதித்து அட்டை கொடுக்கிறார்கள். 'சிக்கிள் கார்ட்?' என்று இப்போது கேட்கிறேன். நீலகிரிப் பழங்குடியினரிடமும் இந்த நோய் உண்டு, வடக்கத்தி நோய் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

காசநோய் மாத்திரை இரண்டு மாதம் சாப்பிட்ட ஒருவர் கரும்பு சீசன் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். இனி அவரை எப்படிப் பிடிப்பது?
(சுகாதாரப் பணியாளர்)

'அடுத்து எப்போது, எந்த ஊருக்கு' என்ற அந்த மூன்றாவது கேள்வி இதற்குத்தான். காசநோய்க்கு ஆறு மாதம், சீசன் நாலு மாதம். வைவாக்ஸ் மலேரியாவுக்கு பிரைமாகுவின் பதினாலு நாள், அவர் டிக்கெட் எடுத்திருப்பது ஒன்பதாம் நாளுக்கு. போகிற தேதி முதல் நாளே தெரிந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் நோயாளிக்கு நி-க்ஷய் எண் இருக்கும், அரசின் காசநோய்ப் பதிவு எண் அது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதே எண்தான். நீங்கள் இங்கிருந்தே அவருடைய மாவட்டத்துக்கு மாற்றிவிடலாம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்தது 2024 நவம்பரிலிருந்து 1000 ஆகியிருக்கிறது, அது அவர் வங்கிக் கணக்குக்கே போகிறது. பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போனை எடுப்பார், அனுபவத்தில் சொல்கிறேன். அவருக்குத் தரவேண்டிய காசநோய் உதவி எண் 1800 11 6666.

நான் செய்வது இன்னும் எளிது. ஊருக்குப் போகிறவரிடம் அரைப்பக்கத் தாள் ஒன்று கொடுக்கிறேன். நோய், மருந்து, தொடங்கிய தேதி, முடியவேண்டிய தேதி, என் போன் நம்பர். மருந்துப் பெயர் ஆங்கிலத்தில், மற்றதை எங்கள் கம்பவுண்டரின் மகள் இந்தியில் எழுதுவாள். தாள் தொலைந்துபோகும் என்பதால் அவர் போனிலேயே படமும் எடுத்துவிடுகிறோம். இரண்டு வருடம் கழித்து ஒருவர் அதே படத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார்.

நம் ஆட்களுக்கே ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. இவர்களுக்காக ஏன் இத்தனை பக்கம்?

எங்கள் கிளினிக்கில் டோக்கன் முறை. பதினாலாம் டோக்கன் பதினைந்துக்கு முன்னால் போகும். கரும்பு வெட்ட வருபவர்களில் கள்ளக்குறிச்சிக்காரர்களும் விழுப்புரத்துக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் நீங்கள் 'நம் ஆட்கள்' கணக்கில் சேர்த்தீர்களா என்று கடிதத்தில் இல்லை.

செலவுக்கு என்ன வழி என்றும் எழுதுங்கள். (பலர்)

ஊரில் ஆயுஷ்மான் அட்டை எடுத்தவர் என்றால், அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் இங்கேயும் அது செல்லும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். அட்டை பெட்டியில் ஊரில் இருக்கும், படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம். தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை.

எங்கள் தோட்டத்துச் சாளையில் ஒரு ஒடியாக் குடும்பம் இருக்கிறது. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டால் சிரிக்கிறாள் அந்தப் பெண். அட்டை ஏதும் இல்லை. எங்கே அழைத்துப் போவது அக்கா?
(வாசகி, நம்பியூர்)

சிரிப்பை ஆமாம் என்று எடுத்துக்கொள்ளாமல் விட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். குழந்தையின் இடது கை மேல்பக்கம் தடவிப் பாருங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டிருந்தால் சின்னத் தழும்பு இருக்கும். இருந்தால் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்று வைத்துக்கொள்ளலாம், ஊரில் அட்டையும் இருக்கக்கூடும். தழும்பு இல்லாவிட்டாலும், அட்டை கிடைக்காவிட்டாலும், புதன்கிழமை உங்கள் துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். நம் மாநிலத்தில் புதன்தான் ஊசி நாள். விட்டுப்போனதை எங்கிருந்து தொடர்வது என்று கிராம சுகாதார செவிலியர் பார்த்துப் போட்டுப் புது அட்டை எழுதுவார். காசு கிடையாது. அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலியைப் பிடிக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.